குறைந்த தரம் பெற்ற பெருங்கொள்கை

ஆய்வேடுகளின் மதிப்பீடு குறித்த பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு ஸ்வீடன் வேதியியலாளர் ஸ்வாந்தே அர்ரீனியஸ் நினைவுக்கு வருகிறார். 1859-இல் பிறந்த அவர், கரைசல்கள் மின்சாரத்தைக் கடத்தும் விதத்தை ஆராய்ந்து, 1884-இல் உப்சாலா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். மின்சாரம் பாய்ந்தால்தான் உப்பு அயனிகளாகப் பிரியும் என்று நம்பப்பட்ட காலம் அது. நீரில் கரையும்போதே அது பிரிந்துவிடுகிறது என்ற முடிவை நோக்கி அவரது ஆய்வு நகர்ந்தது. பேராசிரியர்கள் அதை ஏற்கத் தயங்கினர். குறைந்த தரமே கிடைத்தது.

அவர் சோர்ந்துவிடவில்லை. ஆய்வேட்டை வெளிநாட்டு அறிஞர்களுக்கு அனுப்பினார். ரீகாவில் பணியாற்றிய வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட் அதன் அருமையை உணர்ந்து, உப்சாலாவுக்கே சென்று அவரைச் சந்தித்தார். 1887-இல் முழுவடிவம் பெற்ற அக்கொள்கைக்கு 1903-இல் நோபல் பரிசு கிடைத்தது. அப்பரிசைப் பெற்ற முதல் ஸ்வீடன் நாட்டவர் அவரே. 1927-இல் மறைந்தார்.

இன்று ரத்தப் பரிசோதனையில் சோடியம், பொட்டாசியம் என்று நாம் வாசிப்பவை அயனிகளின் அளவுகளே. ஒரு முடிவு பழக்கமற்றது என்பதாலேயே அது பிழையாகிவிடாது. மதிப்பிடுவோர் முதலில் எடைபோட வேண்டியது சான்றுகளைத்தான் என்பேன்.