வெள்ளைக்காரர் மெட்டு, முத்துசாமி தீட்சிதர் பாட்டு

சனிக்கிழமை வந்தால் திருநள்ளாற்றில் நிற்க இடம் இராது. நள தீர்த்தத்தில் முழுகி, எள் விளக்கு ஏற்றி, தர்ப்பாரண்யேசுவரரையும் சனி பகவானையும் கும்பிட்டுப் போக எங்கிருந்தெல்லாமோ மக்கள் வருகிறார்கள். அந்தக் கூட்டத்தில் சங்கீதம் தெரிந்தவர் ஒருவர் இருந்தால், அவருக்கு யதுகுல காம்போதி ராகப் பாட்டு ஒன்று நினைவுக்கு வரும். 'திவாகர தனுஜம்' என்பது அதன் பெயர். சனி பகவான் மீது முத்துசாமி தீட்சிதர் பாடியது.

சனிக்கு மந்தன் என்று ஒரு பெயர் உண்டு. மெல்ல நடப்பவன் என்று பொருள். இந்தப் பாட்டும் மெல்லத்தான் நடக்கும். அவசரக்காரர்கள் பாட முடியாது.

இதைப் பாடிய அதே தீட்சிதர், வெள்ளைக்காரப் பட்டாளத்தின் பாண்டு மெட்டுக்கும் சாமி பாட்டு எழுதினார். ஸ்காட்லாந்துக்காரர்கள் குதித்துக் குதித்து ஆடும் நாட்டிய மெட்டையும் விடவில்லை. ஆசாரமான வீட்டில் பிறந்து, வடமொழி படித்து, நாள் தவறாமல் பூசை செய்தவருக்கு இந்த மெட்டுகள் எப்படிக் கிடைத்தன?

திருவாரூரில் பிறந்தார்

முத்துசாமி தீட்சிதர் 1775-ம் ஆண்டு திருவாரூரில் பிறந்தார். தந்தை ராமசாமி தீட்சிதர் பெரிய சங்கீத வித்துவான். கச்சேரி தொடங்கும்போது பாடுகிறார்களே அம்சத்வனி ராகம், அதை உண்டாக்கியவர் இவர்தான். நெடுநாள் பிள்ளை இல்லாமல் இருந்த ராமசாமி தீட்சிதரும் மனைவி சுப்பம்மாளும் வைத்தீசுவரன் கோயிலில் வேண்டிக்கொண்டார்களாம். அங்குள்ள முத்துக்குமாரசாமியின் பெயரைத்தான் பிள்ளைக்கு வைத்தார்கள். பிறகு சின்னசாமி, பாலுசாமி என்று இரண்டு தம்பிகளும், பாலாம்பாள் என்ற தங்கையும் பிறந்தனர்.

அந்தக் காலத்தில் வித்துவான்களைக் காப்பாற்ற அரசர் வேண்டும். இல்லாவிட்டால் பணக்காரர் வேண்டும். சென்னைக்கு வடக்கே மணலி என்ற ஊரில் முத்துக்கிருஷ்ண முதலியார் என்ற செல்வர் இருந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியாருக்குத் துபாஷி வேலை செய்த குடும்பம். அவர் ராமசாமி தீட்சிதரைக் குடும்பத்தோடு மணலிக்கு அழைத்துக்கொண்டார். அவருக்குப் பிறகு அவர் மகன் சின்னையா முதலியாரும் தீட்சிதர் குடும்பத்தை ஆதரித்தார்.

கோட்டையில் கேட்ட பாண்டு

சின்னையா முதலியாருக்குக் கோட்டையில் செல்வாக்கு அதிகம். தீட்சிதர் வீட்டுப் பிள்ளைகளை அவர் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு அழைத்துப் போய்ப் பாண்டு வாசிப்பதைக் கேட்கச் செய்தார் என்று சொல்வார்கள். ஊதுகொம்பும் முரசும் முழங்கின. பிள்ளைகள் அதுவரை கேட்டிராத சங்கீதம்.

பாலுசாமிக்குப் பிடில் மேல் ஆசை பிறந்தது. வெள்ளைக்காரர் ஒருவரிடம் முறையாகக் கற்றுக்கொண்டு, அதில் நம் ராகங்களை வாசிக்கத் தொடங்கினார். இன்று பிடில் இல்லாத பாட்டுக் கச்சேரி உண்டா? அதற்கு வழி போட்டவர்களில் முதல்வர் அந்தத் தம்பி.

அண்ணன் மெட்டைப் பிடித்துக்கொண்டார். கேட்ட மெட்டுக்கு வடமொழியில் சாமி பாட்டு எழுதினார். இப்படிப் பிறந்த பாட்டுகள் 30-க்கு மேல் இருக்கின்றன. ஆங்கிலத்தில் சுரத்தை 'நோட்டு' என்பார்கள். அதனால் இவற்றுக்கு 'நோட்டு சுரம்' என்று பெயர் வந்தது. மேல்நாட்டாரின் சுர வரிசையும் நமது சங்கராபரண ராகத்தின் சுரங்களும் ஒன்றுபோல் இருக்கும். ஆகவே இவை எல்லாம் சங்கராபரணத்திலேயே அமைந்தன. நம் பாட்டில் குரலை அசைத்து, வளைத்துப் பாடுகிறோமே, அந்தக் கமகம் இவற்றில் கிடையாது. நேராக, துள்ளலாக ஓடும்.

'ஜகதீச குருகுஹ' என்ற பாட்டின் மெட்டு, ஸ்காட்லாந்தில் மக்டொனால்டு பிரபுவின் பெயரால் வழங்கும் நாட்டிய மெட்டு. 'வந்தே மீனாட்சி' அயர்லாந்து மெட்டு. 'சந்ததம் பாஹிமாம்' எந்த மெட்டு தெரியுமா? இங்கிலாந்து அரசரைக் கடவுள் காப்பாற்ற வேண்டும் என்று பாடும் ராஜ வாழ்த்து! வெள்ளைக்காரர்கள் எழுந்து நின்று பாடும் அந்த மெட்டில் தீட்சிதர் எந்த அரசரையும் உட்கார்த்தி வைக்கவில்லை. சங்கீதத்துக்கு உரிய சியாமளா தேவியை உட்கார்த்தி வைத்தார்.

இவை எல்லாம் மணலியில் இருந்தபோது, வாலிப வயதில் விளையாட்டாக எழுதியவை என்று சொல்வது வழக்கம். எனக்கு அது முழுவதும் சரியாகப் படவில்லை. பல நோட்டு சுரங்களில் 'குருகுஹ' என்ற அவருடைய முத்திரை இருக்கிறது. அந்த முத்திரையை அவர் திருத்தணியில் பெற்றார் என்பதுதான் பரம்பரையாக வரும் வரலாறு. அது காசிக்குப் போய் வந்த பிறகு நடந்தது. அப்படியானால், பெரிய வித்துவான் ஆன பிறகும் அவர் அந்த மெட்டுகளை மறக்கவில்லை என்றுதானே ஆகிறது?

அங்கே ஒரு ஏழைக் கவிஞர்

இதே காலத்தில் ஸ்காட்லாந்திலும் ஒருவர் இதே வேலையைச் செய்துகொண்டிருந்தார். ராபர்ட் பர்ன்ஸ் என்ற குடியானவர் வீட்டுக் கவிஞர். 1759-ல் பிறந்து 37 வயதில் இறந்தவர். ஊர் ஊராகப் பழைய மெட்டுகளைத் தேடி, அவற்றுக்குப் புதிய பாட்டுகள் எழுதினார். பெரும்பாலும் காதல் பாட்டுகள்.

டூன் என்ற ஆற்றங்கரையில், காதலன் கைவிட்ட பெண் வருந்துவதாக அவர் எழுதிய பாட்டு 1791-ல் உருவானது. அதன் மெட்டு பிறந்த கதை வேடிக்கையானது. ஸ்காட்லாந்து மெட்டு ஒன்று கட்ட ஒருவர் ஆசைப்பட்டாராம். வாத்தியத்தில் கறுப்புக் கட்டைகளை மட்டும் தட்டு, கொஞ்சம் தாளமும் சேர், ஸ்காட்லாந்து மெட்டு தானே வரும் என்று நண்பர் கேலியாக யோசனை சொன்னாராம். அப்படியே வந்துவிட்டது என்று பர்ன்ஸ் எழுதி வைத்திருக்கிறார். வீட்டில் ஆர்மோனியம் இருந்தால் கறுப்புக் கட்டைகளை மட்டும் தட்டிப் பாருங்கள். நம் மோகன ராகத்தின் ஐந்து சுரங்களும் அதில் கிடைக்கும்.

அந்த மெட்டும் கடல் கடந்து வந்தது. வங்காளத்தில் ரவீந்திரநாத் தாகூர் 1882-ல் எழுதிய நாடகத்தில் அதே மெட்டில் ஒரு வங்காளிப் பாட்டு இருக்கிறது. ஆனால் நம் தீட்சிதர் தாகூருக்கு வெகு காலம் முந்தியவர்.

காசியும் திருத்தணியும்

மணலிக்கு ஒரு நாள் சிதம்பரநாத யோகி என்ற துறவி வந்தார். முத்துசாமியைத் தம்முடன் காசிக்கு அனுப்பும்படி கேட்டார். பெற்றோருக்கு மனம் இல்லை. முதலியார் எடுத்துச் சொன்ன பிறகுதான் அனுப்பினார்கள். காசியில் சில ஆண்டுகள் தங்கி, யோகியிடம் வேதாந்தமும் மந்திரமும் கற்றார். வடநாட்டுச் சங்கீதத்தையும் காது நிறையக் கேட்டார். கங்கையில் இறங்கியபோது அவர் கைக்கு ஒரு வீணை வந்தது என்பது கதை.

திரும்பி வந்து திருத்தணி முருகனை வணங்கிக் கண்மூடி இருந்தபோது, கிழவர் ஒருவர் வந்து அவர் வாயில் கற்கண்டு போட்டார் என்பார்கள். உடனே பாட்டு பிறந்தது. முருகனைக் குறிக்கும் 'குருகுஹ' என்ற சொல் அன்று முதல் அவருடைய முத்திரை ஆயிற்று.

காஞ்சிபுரத்தில் சில காலம் இருந்தார். பிறகு திருவாரூரில் பல ஆண்டுகள் வாழ்ந்தார். பரத நாட்டியத்துக்கு இன்றைய வடிவம் கொடுத்த தஞ்சை நால்வர் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகியோர் அவரிடம் பாடம் கேட்டவர்கள். மத்தளக்காரர் தம்பியப்பனும் அவருடைய சீடர்.

தம்பியப்பனுக்குத் தீராத வயிற்று வலி. ஜாதகத்தைப் பார்த்த தீட்சிதர், குரு கிரகம் சரியில்லை என்று கண்டு, வியாழ பகவான் மீது ஒரு பாட்டு இயற்றிக் கொடுத்தாராம். வலி நின்றது. அதிலிருந்துதான் மற்றக் கிரகங்களின் பாட்டுகளும் வந்தன என்பார்கள். ஏழு கிழமைக்கு ஏழு பாட்டு. ஏழுக்கும் ஏழு வேறு தாளம். கடைசித் தாளமான ஏக தாளம் சனிக்கு வந்தது. ராகு, கேது பாட்டுகள் அவருடையவைதாமா என்பதில் வித்துவான்களுக்குள் கருத்து வேற்றுமை உண்டு.

பணம் அவரிடம் தங்கவில்லை. தஞ்சாவூருக்குப் போய் அரசரைப் பாடிப் பொருள் வாங்கலாம் என்று வீட்டில் சொன்னார்களாம். மனிதரைப் பாட மாட்டேன் என்று, அவர் திருமகள் மீது லலிதா ராகத்தில் 'ஹிரண்மயீம்' பாடினார். அன்றிரவு மனைவியின் கனவில் திருமகள் வந்து பொன் மழை பொழிந்தாள் என்றும், அதோடு அந்த அம்மாளுக்கு நகை ஆசை போயிற்று என்றும் கதை முடிகிறது. அந்த அம்மாளை யாராவது கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாளோ!

எட்டயபுரம்

கடைசிக் காலத்தில் எட்டயபுரம் போனார். தம்பி பாலுசாமி அங்கே சமஸ்தான வித்துவானாக இருந்தார். 1835-ம் ஆண்டு தீபாவளி நாளில், சீடர்கள் 'மீனாட்சி மே முதம்' பாடிக்கொண்டிருக்கையில் தீட்சிதர் உயிர் நீத்தார் என்பார்கள். அவருடைய சமாதி எட்டயபுரத்தில் இருக்கிறது.

பாலுசாமியின் மகள் வயிற்றுப் பேரன் சுப்பராம தீட்சிதர். பாலுசாமி அவரைப் பிள்ளையாகவே சுவீகாரம் எடுத்து வளர்த்தார். குடும்பத்தில் காப்பாற்றி வந்த பாட்டுகளை அவர் 1904-ல் எட்டயபுரத்திலேயே பெரிய புத்தகமாக அச்சிட்டார். மறு ஆண்டு சங்கீதம் தொடங்கும் பிள்ளைகளுக்கு ஒரு பாடப் புத்தகம் போட்டார். நோட்டு சுரங்களை அவர் அதில்தான் சேர்த்தார்.

அன்று முதல் அவை பிள்ளைகளுக்கு உரியவை ஆகிவிட்டன. வீட்டில் பாட்டு கற்கும் சிறுமியை 'சந்ததம் பாஹிமாம்' பாடச் சொல்லிக் கேளுங்கள். இங்கிலாந்து அரசரின் பாட்டு மெட்டு அது என்று அவளிடம் சொன்னால், இல்லை, எங்கள் வாத்தியார் சொல்லிக் கொடுத்த பாட்டு என்பாள்.