பெரிய கோயில் கல்வெட்டைப் படம் பிடித்த காப்டன்

தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில் விடுமுறை நாட்களில் காமிராக்களுக்கு ஓய்வே கிடையாது. குதிரை பூட்டிய கல் தேரையும், ஒரே தலையில் யானையாகவும் காளையாகவும் தெரியும் சிற்பத்தையும் படம் பிடிக்காமல் திரும்புகிறவர்கள் குறைவு. கண் இமைக்கும் நேரத்தில் வேலை முடிந்துவிடுகிறது.

சோழ நாட்டுக் கோயில்களைப் படம் பிடிப்பது ஒரு காலத்தில் படையெடுப்புப் போன்ற வேலையாக இருந்தது. மாட்டு வண்டிகளில் காமிரா வரும். லென்ஸ், மருந்துப் புட்டிகள், காகிதக் கட்டுகள் எல்லாம் கூடவே வரும். அப்படி 1858-ஆம் ஆண்டில் தஞ்சைக்கு வந்தவர் காப்டன் லின்னேயஸ் டிரைப்.

யார் இவர்?

இங்கிலாந்தில் டெவன் மாவட்டத்துத் துறைமுக ஊரான டெவன்போர்ட்டில் 1822-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி பிறந்தவர். பெரிய குடும்பம். இருபது வயது ஆகுமுன்பே கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சேர்ந்தார். சென்னை ராஜதானியின் 12-வது சுதேசிக் காலாட்படையில் அவருக்கு வேலை.

விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோதுதான் காமிரா அவரைப் பிடித்துக்கொண்டது. போட்டோக் கலை தோன்றிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. 1853-இல் லண்டன் போட்டோகிராபிக் சங்கத்தில் அங்கத்தினரானார். மறு ஆண்டு பெங்களூருக்குத் திரும்பினார். வந்த ஆண்டே பேலூர், ஹளேபீடு கோயில்களைப் படம் எடுத்தார். 1855-இல் சென்னையில் நடந்த பொருட்காட்சியில் அந்தப் படங்களுக்கு முதல் வகுப்புப் பதக்கம் கிடைத்தது.

அதே ஆண்டில், பர்மா மன்னர் மிண்டோனிடம் கம்பெனி ஒரு தூதுகோஷ்டியை அனுப்பியது. அதில் டிரைப்பும் சென்றார். மழையும் வியாதியும் தொல்லை கொடுத்தும் 120 படங்களுடன் திரும்பினார். சர்க்காருக்கு அவர் மீது நம்பிக்கை பிறந்தது. 1856-இல் சென்னை சர்க்காரின் போட்டோகிராபர் என்ற பதவி அவரைத் தேடி வந்தது.

மெழுகுக் காகித வித்தை

அன்று பிலிம் கிடையாது. கண்ணாடித் தகட்டில் மருந்து பூசிப் படம் எடுக்கும் முறை ஒன்று இருந்தது. மருந்து ஈரமாக இருக்கும்போதே படம் எடுத்து, உடனே கழுவியும் ஆகவேண்டும். நம் ஊர் வெயிலில் அது சுலபமா? ஆகவே டிரைப் காகிதத்தை நம்பினார். நல்ல காகிதத்தில் மெழுகை உருக்கி ஏற்றி, வெள்ளி உப்பு மருந்தில் தோய்த்து எடுப்பார். அதை முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொள்ளலாம்; படம் எடுத்த பின் சாவகாசமாகக் கழுவலாம்.

ஆனால் ஒரு படத்துக்குப் பல நிமிஷங்கள் லென்ஸைத் திறந்து வைத்திருக்க வேண்டும். நடப்பவர்கள் படத்தில் விழமாட்டார்கள். அவர் எடுத்த கோயில்களும் வீதிகளும் ஆளரவமற்றுக் கிடப்பதற்கு இதுவே காரணம். இன்னொரு தொல்லை: காகிதத்தில் ஆகாயம் சரியாக விழாது. டிரைப் தூரிகையை எடுத்து, நெகடிவிலேயே மேகங்களைத் தீட்டிவிடுவார்!

படத்தைப் பெரிதாக்கும் வசதியும் அப்போது இல்லை. பெரிய படம் வேண்டுமானால் பெரிய காமிராவைத்தான் சுமக்கவேண்டும். டிரைப்பின் நெகடிவ் ஒவ்வொன்றும் ஓர் அடிக்கும் அதிக நீளம்.

தஞ்சையில்

1857 டிசம்பரில் அவருடைய தென்னாட்டுச் சுற்றுப்பயணம் தொடங்கியது. வடக்கே சிப்பாய்ப் புரட்சியின் நெருப்பு அணையாத சமயம். தெற்கே இந்தப் படைவீரர் துப்பாக்கிக்குப் பதில் காமிராவுடன் ஊர் ஊராகச் சென்றார். ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை, திருவையாறு எல்லாம் படமாயின. தஞ்சை அரண்மனை கம்பெனியின் கைக்குப் போய் மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. மராட்டிய மன்னர் சிவாஜி 1855-இல் ஆண் வாரிசு இல்லாமல் காலமாகியிருந்தார்.

பெரிய கோயிலில் டிரைப் செய்த காரியம்தான் அவர் பெயரை நிலைநிறுத்தியது. நந்தியையும் விமானத்தையும் சுப்பிரமணியர் சந்நிதியையும் எடுத்ததோடு அவர் நிற்கவில்லை. விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டு வரிகளைப் படம் பிடிக்க முனைந்தார். காமிராவைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி வைத்து, 21 படங்களை எடுத்து ஒட்டினார். 19 அடிக்கு மேல் நீளமுள்ள ஒரே படம் உருவாயிற்று!

இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். அந்தக் கோயிலின் கல்வெட்டுகள் சாமானியமானவை அல்ல. ராஜராஜ சோழன் கொடுத்த தானங்கள், அவன் தமக்கை குந்தவை கொடுத்தவை, கோயிலுக்கு வந்த ஆடல் மகளிர் 400 பேரின் பெயர்கள் எல்லாம் அவற்றில் இருக்கின்றன. ஹூல்ஷ் என்ற ஜெர்மன் அறிஞர் அவற்றைப் படித்து அச்சிடத் தொடங்கியது 1891-இல். அதற்கு 33 ஆண்டுகளுக்கு முன்பே டிரைப்பின் லென்ஸ் அங்கே போய்விட்டது.

கல் அழியாது என்பார்கள். அதே கம்பெனி ஆட்சியில், 1836-இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது, கங்கைகொண்டசோழபுரத்துக் கோயில் மதிலின் கற்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். அந்தக் கற்களில் எழுத்து இருந்திருந்தால் அதுவும் அணைக்குள் போயிற்று. அவற்றைப் படம் எடுத்து வைக்க அன்று காமிராவும் இல்லை, டிரைப்பும் இல்லை.

விழுந்தது கத்தரி

1858-இலேயே படங்கள் தொகுதி தொகுதியாக வெளிவந்தன. மதுரைக்கு மட்டும் நான்கு பாகங்கள். தஞ்சைக்கும் திருவையாற்றுக்கும் சேர்த்து ஒரு தொகுதி. சென்னை மியூசியத்திலிருந்த அமராவதிச் சிற்பங்களையும் படம் எடுத்தார். வேலை மும்முரமாக நடந்தது.

1859-இல் சென்னை கவர்னராக வந்தார் சர் சார்லஸ் டிரெவெல்யன். புரட்சிக்குப் பின் கஜானா வற்றியிருந்தது. சிக்கனம், சிக்கனம் என்று எங்கும் பேச்சு. கோயில்களைப் படம் எடுப்பது பெரிய ஆடம்பரமாகக் கவர்னர் கண்ணுக்குப் பட்டது. வேலையை நிறுத்த உத்தரவு பிறந்தது. 1860-இல் போட்டோ இலாகா மூடப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், புது வரிகளைப் பகிரங்கமாக எதிர்த்ததற்காக அதே ஆண்டில் கவர்னருடைய பதவியும் போய்விட்டது!

டிரைப் வெளியிட்ட தொகுதிகளின் பெயர்களில் தாராசுரம் இல்லை. இரண்டாம் ராஜராஜன் எழுப்பிய இந்தக் கோயிலின் வெளிக் கோபுரம் இப்போது மேல் நிலைகளை இழந்து நிற்கிறது. பிச்சாடனரும் ரிஷிபத்தினிகளும் இங்கிருந்து தஞ்சைக் கலைக்கூடத்துக்குப் போய்விட்டார்கள். இன்னும் சில ஆண்டுகள் டிரைப்பை வேலை செய்ய விட்டிருந்தால், அவருடைய வண்டிகள் கும்பகோணம் சாலையிலும் வந்திருக்கக்கூடும். சிக்கனத்தில் மிச்சமான பணம் எங்கே போயிற்றோ, எடுக்காத படம் எடுக்காததுதான்.

பதவி போனபின் டிரைப் படையிலேயே காலம் தள்ளினார். 1870 வாக்கில் பர்மாவில் சில படங்கள் எடுத்ததைத் தவிர, காமிராவைப் பெரும்பாலும் தொடவில்லை. மேஜர் ஜெனரல் என்ற கௌரவப் பட்டத்தோடு ஓய்வு பெற்று, பிறந்த ஊருக்கே திரும்பினார். 1902 மார்ச் 2-ந் தேதி அங்கே காலமானார்.

அவர் படங்களைத் திரட்டி 2014, 2015-ஆம் ஆண்டுகளில் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் நகரங்களின் பெரிய காட்சிசாலைகளில் வைத்தார்கள். கவர்னர் ஆடம்பரம் என்று ஒதுக்கிய காகிதங்களைக் கண்ணாடிக்குள் வைத்து, வெளிச்சத்தையும் குறைத்துப் பத்திரமாகக் காக்கிறார்கள். தஞ்சையின் கல் எழுத்து, 160 ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தக் காகிதத்தில் நிற்கிறது.