பேசாப் பிள்ளையும் பேரவைப் புலவரும்

தண்பொருநைக் கரையில் அமைந்த திருவைகுண்டத்தில், பதினேழாம் நூற்றாண்டில், சண்முக சிகாமணிக் கவிராயருக்கும் சிவகாமசுந்தரி அம்மையாருக்கும் மகனாகத் தோன்றியவர் குமரகுருபரர். சொல்லையே செல்வமாகக் கொண்ட அக்குடியில் பிறந்த பிள்ளைக்கு 5 ஆண்டுகள் வரை பேச்சு வரவில்லை. வாய் பேசாமையை முன்வினைப் பயன் என்றும் அறிவுக்குறை என்றும் எண்ணும் வழக்கம் நம் நாட்டில் நெடுங்காலமாக உண்டு. பெற்றோரோ மகனைத் திருச்செந்தூருக்கு அழைத்துச் சென்று, முருகன் சந்நிதியில் நோன்பிருந்தனர். அங்கே அவர் பேசும் ஆற்றல் பெற்றுக் கந்தர் கலிவெண்பா பாடினார் என்பது வழிவழியாக வரும் வரலாறு.

பின்னர் மதுரையில் திருமலை நாயக்கர் காலத்தில் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழை அரங்கேற்றினார். தருமபுரத்தில் மாசிலாமணி தேசிகரைக் குருவாகக் கொண்டார். அவரது ஆணைப்படி காசிக்குச் சென்ற புலவருக்கு மீண்டும் ஒரு மௌனம் காத்திருந்தது. மடம் அமைக்க இடம் வேண்டி முகலாய ஆட்சியாளரைக் காண வேண்டும். அவர்கள் மொழியோ தெரியாது. தமிழ்ப் பேரவைகளை வென்றவர் அங்கே மறுபடியும் பேசாப் பிள்ளையானார். சகலகலாவல்லி மாலை பாடிக் கலைமகளை வேண்டி அம்மொழியைக் கைவரப் பெற்றார் என்பர். காசியில் அவர் நிறுவிய மடமே அம்முயற்சியின் பயன்.

இத்தகையவர் இயற்றிய நீதிநெறி விளக்கம், அவைக்கு அஞ்சி நடுங்குவோரின் கல்வி இல்லாதிருத்தலே நன்று என்று கடிந்துரைக்கிறது. சொல்லற்றிருந்தவரே இவ்வாறு கூறலாமோ என்று நெஞ்சம் வருந்துகிறது. ஆனால் அதே பாடல், கல்லாதார் அவையஞ்சாது எழுப்பும் ஆரவாரத்தையும் அக்கல்வியோடு ஒருங்கே வைத்து இகழ்கிறது. தடையின்றிப் பேசுவது மட்டுமே அறிவுக்கு அடையாளம் ஆகாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

பேசாமை வேறு, திக்கிப் பேசுதல் வேறு. ஆயினும் உலகம் இரண்டையும் ஒரே ஏளனத்தால் அளக்கிறது. வளர்ந்தோரில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர் திக்கிப் பேசுவதாக மருத்துவ அறிஞர் கணக்கிடுகின்றனர். பேச்சை இயக்கும் மூளையின் செயற்பாடும் மரபுவழியும் அதற்குக் காரணங்களாகும்; அறிவுக்குறையோ பெற்றோர் தவறோ காரணம் அன்று. வகுப்பில் எழுந்து தன் பெயரைச் சொல்லத் தடுமாறும் மாணவனைப் பார்த்துச் சிரிப்போரும், அவன் சொல்லி முடிக்குமுன் அச்சொல்லைத் தாமே சொல்லிவிடுவோரும் இதனை எண்ணுவதில்லை.

குமரகுருபரருக்குப் பேச்சு வந்த நாளை நாம் கொண்டாடுகிறோம். வருமுன் கழிந்த 5 ஆண்டுகளை மறந்துவிடுகிறோம். அருள் நிகழாத வீடுகளே மிகுதி. அங்குள்ள பிள்ளைகளுக்கு நாம் தரக்கூடியது காத்திருக்கும் பொறுமை ஒன்றே. கற்றவனிடம் சொல்வன்மையும் சேர்ந்தால் அது பொன்மலர் மணம் பெற்றாற் போன்றது என்றும் நீதிநெறி விளக்கம் கூறுகிறது. மணம் இல்லாவிடினும் பொன் பொன்னே அன்றோ!