153 வருஷம் கழிச்சு ஊர் திரும்பிய ஜூலியா... முகமெல்லாம் முடி வளர்ந்தது ஏன்?

முகம், கை, கால் என உடம்பு முழுக்க அடர்த்தியான கறுப்பு முடி. ஈறுகள் தடித்து, உதடுகள் முன்னால் தள்ளியிருக்கும். உயரம் நாலரை அடி. ஜூலியா பாஸ்ட்ரானா அருமையாகப் பாடுவார், ஆடுவார், ஸ்பானிஷும் ஆங்கிலமும் பேசுவார். ஆனால், டிக்கெட் வாங்கியவர்கள் பாட்டு கேட்கவா வந்தார்கள்?

1834-ல் மெக்சிகோவின் சினலோவா பகுதியில் பிறந்தவர். அந்த மாநில ஆளுநர் வீட்டில் வேலைக்காரியாக இருந்தவரை, 1854-ல் நியூயார்க் மேடைக்குக் கொண்டுபோனார்கள். பாதி மனுஷி, பாதி விலங்கு என்று விளம்பரம். வியாபாரிகள் அப்படிச் சொன்னதுகூடப் பரவாயில்லை. இவர் மனிதருக்கும் ஒராங்குட்டானுக்கும் பிறந்தவர் என்று ஒரு டாக்டரே சான்றிதழ் கொடுத்தார் பாருங்க, அதுதான் கொடுமை!

மேனேஜராக வந்த தியோடர் லென்ட், ஜூலியாவைக் கல்யாணம் செய்துகொண்டார். கைக்கு வந்த வருமானம் வேறு யாரிடமும் போய்விடக் கூடாது என்பதுதான் காரணம் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். லண்டன், ஜெர்மனி, ரஷ்யா என ஊர் ஊராகக் காட்சி நடந்தது.

1860 மார்ச்சில், மாஸ்கோவில் ஜூலியாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கும் அம்மாவைப் போலவே உடம்பெல்லாம் முடி. இரண்டு நாள்கூட அது உயிரோடு இல்லை. சில நாளில் ஜூலியாவும் இறந்துபோனார். வயது 26.

அம்மாவுக்கு இருந்தது பிள்ளைக்கும் வந்ததே, விஷயம் அங்கேதான் இருக்கு. இது சாபமும் இல்லை, கலப்பினமும் இல்லை. ஹைப்பர்ட்ரைகோசிஸ் எனப்படும் அதிமுடி வளர்ச்சி. இதில் பல வகை உண்டு. ஜூலியாவுக்கு இருந்தது ஈறு வீக்கமும் சேர்ந்து வரும் அபூர்வ வகை. டார்வின்கூட 1868-ல் வந்த தன் புத்தகத்தில் இவரைப் பற்றி எழுதினார். முடிக்கும் பல்லுக்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது என்று அவர் யோசித்தது சரிதான். ஆனால், ஜூலியாவுக்கு இரட்டை வரிசைப் பல் என்று நம்பியது தப்பு. தடித்த ஈறு அப்படிக் காட்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

விடை கிடைக்க 2009 வரை ஆனது. இதே பிரச்னை உள்ள சீனக் குடும்பங்களின் மரபணுவை ஆராய்ந்தபோது, 17-வது குரோமோசோமில் ஒரு சின்னத் துண்டு காணாமல் போயிருந்தது. இன்னொருவருக்கு அதே பகுதி கூடுதலாக ஒரு முறை இருந்தது. பக்கத்திலேயே சாக்ஸ்9 என்ற மரபணு இருக்கிறது. முடி வேர்க்கால் உருவாவதில் அதற்குப் பங்கு உண்டு. அதை ஆன், ஆஃப் செய்யும் சுவிட்ச் அந்தத் துண்டோடு போய்விட்டால், முடி வளர்ச்சியின் கட்டுப்பாடும் குலைந்துபோகலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. இந்த மாதிரி துண்டு விடுபட்ட குரோமோசோம் பெற்றோரில் ஒருவரிடம் ஒன்று இருந்தாலே, ஒவ்வொரு குழந்தைக்கும் அது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு.

லென்ட்டுக்கு இதெல்லாம் எதுக்கு? மனைவி, மகன் உடல்களை ஒரு பேராசிரியருக்கு விற்றார். அவர் பதப்படுத்திய விதத்தைப் பார்த்ததும் திரும்ப வாங்கி, கண்ணாடிப் பெட்டியில் நிற்கவைத்து மறுபடியும் டிக்கெட் போட்டார். அப்புறம், இதே மாதிரி முடி வளர்ந்த இன்னொரு பெண்ணைக் கல்யாணம் செய்து, ஜூலியாவின் தங்கை என்று சொல்லி மேடையேற்றினார். கடைசியில் ரஷ்யாவில் மனநல விடுதியில் செத்துப்போனார். எனக்கு அவர்மேல் பரிதாபம் வரவில்லை.

உடல்கள் கை மாறி மாறி 1921-ல் நார்வே போய்ச் சேர்ந்தன. 1970-கள் வரை காட்சி தொடர்ந்தது! 1976-ல் கிடங்குக்குள் புகுந்தவர்கள் குழந்தையின் உடலைச் சிதைத்துவிட்டார்கள். 1979-ல் ஜூலியாவின் உடல் திருட்டுப்போய், பிறகு போலீஸிடம் கிடைத்தது. அதன்பின் ஆஸ்லோவில் பெட்டிக்குள்ளேயே வருஷங்கள் ஓடின.

மெக்சிகோ ஓவியர் லாரா ஆண்டர்சன் பர்பாட்டா 2005-லிருந்து விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். 2013 பிப்ரவரி 12-ம் தேதி, சினலோவா தே லேவா ஊரில் ஜூலியாவை அடக்கம் செய்தார்கள். உலகின் பல மூலைகளிலிருந்து வந்த வெள்ளைப் பூக்களால் சவப்பெட்டியை மூடியிருந்தார்கள்.

பக்கத்தில் வைக்க, மகனின் உடல் மிஞ்சவில்லை.