வானத்திற்குக் கண் தந்தவர்

நம் திருப்பூர் வட்டாரத்தில் விமானத்தை அண்ணாந்து பார்க்காத பிள்ளைகள் இல்லை. சூலூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது. அதைத் தாண்டினால் பீளமேட்டில் கோவை விமான நிலையம். போர் விமானமும் பயணிகள் விமானமும் பக்கத்துப் பக்கத்து வானத்தில் பறக்கின்றன. பனியன் தொழிலை நம்பி வாழும் நமக்கு விமானம் என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. கப்பலில் போக வேண்டிய சரக்கு சாயப்பட்டறையிலோ தையலிலோ தாமதப்பட்டால், கம்பெனிக்காரர் கைக்காசைப் போட்டு அதை விமானத்தில் ஏற்றி அனுப்ப வேண்டும். சரக்கு நன்றாக இருந்தால் மட்டும் போதாது, நேரத்திற்கும் போய்ச் சேர வேண்டும் என்பது இவ்வூரில் சிறு பிள்ளையும் அறிந்த பாடம். இதே பாடத்தை விஞ்ஞானத்தில் கடைப்பிடித்து, வானத்திற்கே கண் தந்த ஒருவரின் வாழ்க்கையை இயற்பியல் மாணவன் என்ற முறையில் இங்கே எழுத விரும்புகிறேன். அவர்தான் சர் இராபர்ட் வாட்சன் வாட்.

அவருடைய பெருமையை உணர, விமானங்கள் ஒன்றோடொன்று மோதாமல் பறப்பது எப்படி என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். வானத்தில் சாலை இல்லை. சாலை நடுவே கோடும் இல்லை. தரையிலுள்ள கட்டுப்பாட்டாளர்களே அந்தக் கோடுகளைப் போடுகிறார்கள். ஒன்றன் மேல் ஒன்றாகப் பறக்கும் விமானங்களுக்கு இடையே பொதுவாக 1,000 அடி உயர வேறுபாடு இருக்க வேண்டும். ஒரே உயரத்தில் பறப்பவற்றுக்கு இடையே, ராடார் கண்காணிப்பு உள்ள இடத்தில் 5 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 9 கிலோமீட்டர் இடைவெளி வேண்டும். விமான நிலையத்தை நெருங்கும்போது இது 3 கடல் மைலாகவும் குறையலாம். ராடார் இல்லாத இடத்தில் விமானி வானொலியில் சொல்லும் நேரத்தையும் உயரத்தையும் குறித்துக்கொண்டு, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் பத்து, பதினைந்து நிமிட இடைவெளி விட்டே அனுப்ப வேண்டியிருக்கும். கண்ணால் காண முடியாதவன் கைத்தடியை நீட்டி நடப்பதைப் போன்றது அது. அந்தக் கைத்தடிக்குப் பதிலாகக் கண்ணைக் கொடுத்தது ராடார்.

வாட்சன் வாட் 1892ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் ஸ்காட்லாந்தில் பிரீச்சின் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை தச்சர். உதவித்தொகை பெற்று டண்டீ நகரக் கல்லூரியில் சேர்ந்து, 1912இல் பொறியியல் பட்டம் பெற்றார். அங்கே இயற்பியல் பேராசிரியராக இருந்த பெடி என்பவர் இந்த இளைஞரின் ஆர்வத்தைக் கண்டு, வானொலி அலைகளின்பால் அவர் கருத்தைத் திருப்பினார். நல்லாசிரியர் ஒருவரின் தூண்டுதல் எத்தனை தூரம் செல்லும் என்பதற்கு இது ஒரு சான்று.

முதல் உலகப் போரின்போது அவர் வானிலைத் துறையில் பணியில் சேர்ந்தார். அக்காலத்து விமானங்கள் மரமும் துணியுமாக இருந்தவை. இடிமழையில் சிக்கினால் தப்புவது அரிது. மின்னல் வெட்டும்போது வானொலி அலைகளும் எழுகின்றன. அவ்வலைகள் எத்திசையிலிருந்து வருகின்றன என்று கண்டுவிட்டால், புயல் எங்கே இருக்கிறது என்று விமானிக்கு முன்கூட்டியே சொல்லிவிடலாமே என்று அவர் எண்ணினார். மின்னல் கண நேரத்தில் மறைந்துவிடும். அதன் திசையைப் பிடிக்க அலைவு காட்டியின் திரையைப் பயன்படுத்தினார். ஆக, அவருடைய முதல் ஆராய்ச்சியே விமானியை ஆபத்திலிருந்து விலக்கி வைக்கும் ஆராய்ச்சிதான்.

1935ஆம் ஆண்டு தொடக்கத்தில் பிரிட்டிஷ் விமானத்துறை அமைச்சகம் அவரிடம் ஒரு விசித்திரமான கேள்வியைக் கேட்டது. வானொலி அலைகளால் பகைவனை எரித்துவிடும் கொலைக்கதிர் ஒன்றை உண்டாக்க முடியுமா? அவர் தம் உதவியாளர் ஆர்னால்டு வில்கின்ஸ் என்பவரிடம் ஒரு கணக்கைக் கொடுத்தார். எட்டு பைண்ட் தண்ணீரை, அதாவது ஏறத்தாழ நாலரை லிட்டரை, 98 டிகிரி பாரன்ஹீட்டிலிருந்து 105 டிகிரிக்குச் சூடேற்ற, தொலைவிலிருந்து எவ்வளவு வானொலி ஆற்றலைச் செலுத்த வேண்டும் என்பதே கணக்கு. மனித உடலின் இரத்தத்தைக் காய்ச்சல் அளவுக்குச் சூடாக்கும் கணக்கு அது என்பதை வில்கின்ஸ் புரிந்துகொண்டார். போட்டுப் பார்த்தால் நடக்கவே நடக்காத காரியம் என்று விடை வந்தது.

மற்றவராக இருந்தால் முடியாது என்று எழுதி அனுப்பிவிட்டுச் சும்மா இருந்திருப்பார். விமானம் குறுக்கே பறக்கும்போது வானொலி அலை கலங்குவதை அஞ்சல் துறைப் பொறியாளர்கள் கவனித்திருந்தார்கள். அதை வில்கின்ஸ் நினைவுபடுத்தினார். விமானத்தை அழிக்க முடியாவிட்டால் என்ன, அது எங்கே வருகிறது என்று கண்டுபிடிக்கலாமே என்று இருவரும் திசை மாறினார்கள். பிப்ரவரி 26ஆம் நாள் டாவென்ட்ரி என்னும் ஊரருகே ஒரு வயலில் சோதனை நடந்தது. பி.பி.சி. நிலையத்தின் அலைகள் ஒரு ஹேஃபோர்டு விமானத்தில் பட்டுத் திரும்பியதை, 8 மைல் தொலைவுவரை கருவியின் திரை காட்டியது. புதிதாக ஒரு டிரான்ஸ்மிட்டர்கூடக் கட்டாமல், இருக்கிற வானொலி நிலையத்தை வைத்தே சோதனையை முடித்துக்கொண்டது அவருடைய குணத்தை நன்கு காட்டுகிறது.

மிகச் சிறந்த கருவிக்காகக் காத்திருப்பதைவிட, இன்று கைக்கு எட்டும் போதுமான கருவியைக் கொண்டு வேலையைத் தொடங்குவதே மேல் என்பது அவர் கொள்கை. குற்றலைகள் துல்லியமானவை என்று அவருக்குத் தெரியும். ஆனால் அவற்றை வலுவாக அனுப்பும் சாதனம் அன்று இல்லை. எனவே நெடிய அலைகளையும் உயர்ந்த கோபுரங்களையும் கொண்டு இங்கிலாந்தின் கரையோரமெங்கும் நிலையங்களை எழுப்பச் செய்தார். 1939 செப்டம்பரில் போர் மூண்டபோது அவை இயங்கிக்கொண்டிருந்தன. ஜெர்மானியரின் ராடார் சிலவகையில் அதைவிட நுட்பமானது. ஆயினும் பிரிட்டனில் ராடார் கண்ட செய்தி தொலைபேசி வழியாக ஓர் அறைக்கு வந்து, பெரிய மேசை வரைபடத்தில் குறிக்கப்பட்டு, சில நிமிடங்களில் விமானிக்குக் கட்டளையாகப் போய்ச் சேர்ந்தது. அந்த ஏற்பாட்டில் பெண்கள் பலர் திறம்படப் பணியாற்றினார்கள். 1940இல் அந்நாடு பிழைத்ததில் இந்தச் சங்கிலிக்குப் பெரும்பங்கு உண்டு.

ஆனால் அந்தக் கண்ணுக்கு ஒரு குறை இருந்தது. வருவது யார் என்று அதற்குத் தெரியாது. போர் தொடங்கிய மூன்றாம் நாளே, செப்டம்பர் 6ஆம் தேதி, பிரிட்டிஷ் விமானங்களைப் பகை விமானங்கள் என்று தவறாகக் கருதி, பிரிட்டிஷ் விமானிகளே சுட்டு வீழ்த்தினர். தரையிலிருந்து கேள்வி அலை வந்ததும், நான் நம்மவன் என்று விமானமே விடையளிக்கும் கருவியின் தேவை அப்போது பளிச்சென்று விளங்கியது. அந்தக் கருவியின் வழித்தோன்றலே இன்றைய இரண்டாம் நிலை ராடார். விமானம் தன் அடையாள எண்ணையும் பறக்கும் உயரத்தையும் தானே சொல்லிவிடுகிறது.

உயரம் தெரிவது எத்தனை முக்கியம் என்பதை நம் நாடு கொடிய விலை கொடுத்துக் கற்றது. 1996 நவம்பர் 12ஆம் நாள் மாலை, டில்லியிலிருந்து புறப்பட்ட சவூதி போயிங் விமானத்துக்கு 14,000 அடி உயரம் கொடுக்கப்பட்டிருந்தது. எதிரே வந்த கஜகஸ்தான் விமானத்துக்குக் கொடுத்தது 15,000 அடி. ஆனால் அது தன் உயரத்திலிருந்து கீழே இறங்கிவிட்டது. அரியானாவில் சர்க்கி தாத்ரிக்கு மேலே இரண்டும் மோதி, 349 பேரும் மாண்டனர். டில்லியில் அன்று இருந்த ராடார் தொலைவையும் திசையையும் காட்டியதேயன்றி, உயரத்தைக் காட்டவில்லை. விமானி சொன்ன உயரத்தையே கட்டுப்பாட்டாளர் நம்ப வேண்டியிருந்தது. வருகைக்கும் புறப்பாட்டுக்கும் ஒரே வழிதான் இருந்தது. கட்டளையை மீறி இறங்கியதே விபத்துக்குக் காரணம் என்று விசாரணை கண்டது. அது உண்மையே. எனினும் உயரம் காட்டும் ராடார் வேறு நாடுகளில் பல ஆண்டுகளாகப் பயன்பட்டுவந்த பொருள். அது இங்கே வரவிருந்தது. வருவதற்குள் விபத்து முந்திக்கொண்டது. பிறகு அந்த ராடாரும் வந்தது, தனித்தனி வழிகளும் வந்தன, மோதல் தவிர்க்கும் கருவியும் இந்திய வானத்தில் கட்டாயமாயிற்று. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நம் பெரியவர்கள் சொல்வது இதைத்தான்.

வாட்சன் வாட்டுக்கு 1942இல் சர் பட்டமும், 1952இல் 50,000 பவுன் பரிசும் கிடைத்தன. புகழைப் பங்கிட்டுக்கொள்வதில் அவர் தாராளமானவர் அல்லர் என்ற குறையும் உண்டு. கணக்குப் போட்டு வழிகாட்டிய வில்கின்ஸின் பெயரை இன்று எத்தனை பேர் அறிவார்கள்? 1904லேயே கப்பல்கள் மோதாதிருக்க எதிரொலி அலைக் கருவி செய்துகாட்டிய ஹூல்ஸ்மேயர் என்ற ஜெர்மானியரையும் நாம் மறக்கலாகாது. ஆகவே ராடாரை ஒருவர் கண்டுபிடித்தார் என்று சொல்வதைவிட, வேண்டிய நேரத்தில் அதை வேலை செய்ய வைத்தவர் வாட்சன் வாட் என்று சொல்வதே பொருந்தும். போருக்குப் பின் கனடாவில் குடியேறியிருந்தபோது, காரை வேகமாக ஓட்டியதற்காக அவரையே போலீசார் ராடார் கருவியால் பிடித்து அபராதம் விதித்தார்கள் என்பது சுவையான செய்தி. 1973 டிசம்பர் 5ஆம் நாள் ஸ்காட்லாந்தில் இன்வெர்னஸ் நகரில் அவர் காலமானார். பிறந்த ஊரில் அவருக்குச் சிலை எழுந்தது 2014இல்தான்.

நண்பர்களே, நாம் படிக்கும் காலத்தில் எல்லாம் கற்ற பிறகு தொடங்குவோம், நல்ல வசதி வந்த பிறகு செய்வோம் என்று தள்ளிப்போடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அந்த ஸ்காட்லாந்துத் தச்சர் மகன் அப்படித் தள்ளிப்போட்டிருந்தால், அவருடைய ராடார் ஒருவேளை இன்னும் அழகாக இருந்திருக்கும். ஆனால் 1940இல் அது இருந்திருக்காது. தேவையான செய்தி, தேவையானவரிடம், தேவையான நேரத்தில் சேர்வதில்தான் உயிர்கள் நிற்கின்றன. இரவு பகலாகத் திரைமுன் அமர்ந்து, முகமறியாத பயணிகளுக்காக 1,000 அடி இடைவெளியைக் காத்துக்கொண்டிருக்கும் கட்டுப்பாட்டாளர்கள் அதை நாள்தோறும் மெய்ப்பித்து வருகிறார்கள்.