குத்தகைக்கு முற்றுப்புள்ளி வைத்த அர்ஸ்

நம் அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 18-ஆவது இனமாக இடம்பெற்றிருப்பது நிலம். ஆகவே, இந்தியா முழுமைக்குமான ஒரே நிலச் சட்டம் என்று ஒன்று இல்லை. தமிழ்நாடு 1970-இல் நில உச்சவரம்பை 30 தர ஏக்கரிலிருந்து 15 ஆகக் குறைத்தது. அதே ஆண்டின் முதல் நாளிலிருந்து கேரளத்தில் குத்தகை முறை முடிவுக்கு வந்தது. மேற்கு வங்கம் 1978-இல் குத்தகைதாரர்களின் பெயர்களைப் பதிவு செய்யத் தொடங்கியது. அண்டை மாநிலமான கர்நாடகம் இந்த வரிசையில் இடம்பெற்றதற்குக் காரணமானவர் தேவராஜ் அர்ஸ்.

மைசூரு மாவட்டம் ஹுன்சூர் வட்டத்தைச் சேர்ந்த கல்லஹள்ளியில் 1915 ஆகஸ்ட் 20 அன்று பிறந்தவர் அவர். மைசூரு அரச குடும்பத்தோடு உறவுடைய அரசு சமூகத்தினர். எண்ணிக்கையில் மிகச் சிறிய சமூகம் அது. பெங்களூரு சென்ட்ரல் கல்லூரியில் அறிவியல் பட்டம் பெற்ற பின்னர் அரசுப் பணியை நாடாமல் ஊருக்குத் திரும்பி உழவில் ஈடுபட்டார். 1941-இல் மைசூரு பிரதிநிதிகள் சபைக்கும், 1952-இல் ஹுன்சூரிலிருந்து சட்டப்பேரவைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அன்றைய மைசூரு மாநில அரசியல் லிங்காயத்து, ஒக்கலிகர் என்னும் இரு பெரும் நிலவுடைமைச் சமூகங்களின் கையில் இருந்தது. 1969-இல் காங்கிரஸ் பிளவுபட்டபோது, மாநிலத்தின் பெருந்தலைவர்கள் நிஜலிங்கப்பாவின் பக்கம் நின்றனர். அர்ஸ் இந்திரா காந்தியின் பக்கம் சென்றார். 1971 மக்களவைத் தேர்தலில் மாநிலத்தின் 27 தொகுதிகளும் இந்திரா காங்கிரஸுக்குக் கிடைத்தன. 1972 மார்ச்சில் அர்ஸ் முதல்வரானார். பிற்படுத்தப்பட்டோருக்காக ஹாவனூர் ஆணையத்தை அமைத்ததும், மைசூரு மாநிலம் 1973-இல் கர்நாடகம் எனப் பெயர் மாறியதும் அவரது ஆட்சியில்தான். ஆயினும், அவரது பெயரைக் கிராமங்களில் நிலைநிறுத்தியது நிலச் சட்டமே.

கர்நாடகத்தில் நிலச் சட்டமே இல்லாமல் இருந்ததில்லை. 1951-இல் சிவமொக்கா மாவட்டம் சாகர் வட்டத்துக் காகோடு கிராமத்தில் குத்தகை உழவர்கள் போராடினர். குத்தகை நெல்லை அளக்க நிலவுடைமையாளர்கள் பயன்படுத்திய பெரிய மரக்காலே அதற்குத் தொடக்கக் காரணம். ராம் மனோகர் லோகியா அங்கு வந்து கைதானார். அதன் பின்னர் 1961-இல் நிலச் சீர்திருத்தச் சட்டம் இயற்றப்பட்டது. எனினும், சொந்தச் சாகுபடி என்ற பெயரில் உடைமையாளர் நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள அதில் வழி இருந்தது. வழக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போனால் முடிய ஆண்டுகள் பல ஆகும். குத்தகைதாரரிடம் சீட்டு இராது. வழக்குரைஞருக்குக் கொடுக்கப் பணமும் இராது.

அர்ஸ் கொண்டுவந்த திருத்தம் 1974 மார்ச் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. குத்தகையில் இருந்த நிலங்கள் அனைத்தும் அன்றே அரசின் வசமாயின. உழுதுவந்தவர் படிவம் 7-இல் விண்ணப்பித்து உரிமை பெறலாம். இனி எவரும் நிலத்தைக் குத்தகைக்கு விடக்கூடாது. படைவீரருக்கும் கப்பலில் பணிபுரிவோருக்கும் மட்டும் விலக்கு.

வகுப்பறையில் நிலச் சீர்திருத்தம் நடத்திய காலத்தில் நாங்கள் உச்சவரம்பு எண்களையே கரும்பலகையில் எழுதிக் கொண்டிருந்தோம். அர்ஸ் சட்டத்தின் உயிர் எண்களில் இல்லை. யார் முன்னால் வழக்கு நடக்கும் என்பதில் இருந்தது. வட்டந்தோறும் நிலத் தீர்ப்பாயம் அமைந்தது. உதவி ஆணையர் தலைவர்; அரசு நியமித்த நால்வர் உறுப்பினர்கள். அவர்களில் ஒருவராவது பட்டியலினத்தவராகவோ பழங்குடியினராகவோ இருக்க வேண்டும். வழக்குரைஞர்களுக்கு அனுமதி இல்லை. உரிமையியல் நீதிமன்றம் தலையிட இயலாது. வயலின் வரப்பை அறிந்தவர்கள் முன்னிலையில், இவர்தான் இத்தனை ஆண்டுகளாக உழுதார் என்று அண்டை வயல்காரர் வாய்மொழியாகச் சொன்னால் அது சான்றாக ஏற்கப்பட்டது. விண்ணப்பிப்பதற்கான காலம் பலமுறை நீட்டிக்கப்பட்டு, 1979 ஜூன் 30 வரை சென்றது. தென் கன்னடம், வட கன்னடம், சிவமொக்கா மாவட்டங்களில் லட்சக்கணக்கான ஏக்கர் கைமாறியது. கோயில், மடத்து நிலங்களும் தப்பவில்லை.

இந்த வேகத்துக்கு நெருக்கடி நிலைக் காலத்தின் அதிகாரக் குவிப்பும் ஒரு காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. பாதிப்புகளும் இருந்தன. ஓரிரு ஏக்கரைக் குத்தகைக்கு விட்டுப் பிழைத்த கைம்பெண்களும், வேலைக்காக நகரம் சென்ற சிறு உடைமையாளர்களும், பெருநிலக்கிழார்களோடு சேர்த்தே நிலத்தை இழந்தனர். உச்சவரம்புக்கு மேற்பட்டதாகக் கிடைத்த நிலம் சொற்பம் என்பதால், குத்தகைகூட இல்லாத கூலித் தொழிலாளருக்கு, அவர்களில் பெரும்பாலோரான தலித்துகளுக்கு, பெரிதாக எதுவும் எட்டவில்லை. குத்தகையை அறவே தடைசெய்ததும் பிழை என்றே நான் கருதுகிறேன். தடைக்குப் பின்னும் குத்தகை மறையவில்லை, வாய்மொழியாக ஒளிந்துகொண்டது. இன்று அப்படி உழுபவருக்கு வங்கிக் கடனும் இல்லை, பயிர்க் காப்பீடும் இல்லை.

1977 இறுதியில் அவரது அரசு கலைக்கப்பட்டது. ஊழல் குற்றச்சாட்டுகளை விசாரிக்க குரோவர் ஆணையம் அமர்த்தப்பட்டது. எனினும் 1978 பிப்ரவரியில் மீண்டும் வென்று முதல்வரானார். அரசு வழங்கிய நிலத்தைப் பட்டியலினத்தவரிடமிருந்தும் பழங்குடியினரிடமிருந்தும் விலைக்கு வாங்குவதைத் தடுத்து, விற்கப்பட்டதை மீட்டுத் தரும் சட்டம் அவ்வாண்டு இயற்றப்பட்டதே. முதல் சட்டம் விட்டுவிட்ட மக்களை அவர் நினைத்துப் பார்த்தார் என்பதற்கு அது சான்று. 1979-இல் இந்திரா காந்தியுடன் முரண்பட்டுப் பிரிந்தார். 1980 ஜனவரியில் பதவி போயிற்று. 1982 ஜூன் 6 அன்று காலமானார்.

அவரது 1974 திருத்தத்தில் 79ஏ, 79பி என இரு பிரிவுகள் இருந்தன. வேளாண்மை அல்லாத வழியில் ஆண்டுக்கு ரூ.12,000-க்கு மேல் வருவாய் உள்ளவரும், தாமே சாகுபடி செய்யாதவரும் விளைநிலம் வாங்குவதை அவை தடுத்தன. வருவாய் வரம்பு பின்னர் படிப்படியாக உயர்ந்து 2015-இல் ரூ.25 லட்சத்தை எட்டியது. முதலீடு வர வேண்டும், பதிவு அலுவலகங்களில் கையூட்டு ஒழிய வேண்டும் என்ற காரணங்களைச் சொல்லி, 2020-இல் அப்பிரிவுகள் அறவே நீக்கப்பட்டன. கையூட்டுப் புகாரில் உண்மை இல்லாமலில்லை. ஆனால், கையூட்டு வாங்கியவரைத் தண்டிப்பதற்குப் பதில் சட்டத்தையே அகற்றியது விந்தை. நிலுவையில் இருந்த வழக்குகளும் அற்றுப்போகும் வகையில் அந்த நீக்கத்துக்கு முன்தேதி கொடுக்கப்பட்டது. அந்தத் தேதி, 1974 மார்ச் 1.