ரிங்கரும் குழாய்த் தண்ணீரும்

எங்கள் ஆராய்ச்சிக்கூடத்து அலமாரியில் ‘ரிங்கர் கரைசல்’ என்று சீட்டு ஒட்டிய புட்டி எப்போதும் இருக்கும். பெயரை நாள்தோறும் சொல்கிறோம். பெயருக்கு உரியவரை அறிந்தோர் சிலரே. இலக்கியம் பயிலும் நம் சங்க நண்பர்களுக்கும் அவரை அறிமுகம் செய்ய விரும்புகிறேன்.

சிட்னி ரிங்கர் இங்கிலாந்தில் நார்விச் நகரில் பிறந்தவர். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையின் புகழ்பெற்ற மருத்துவர். நோயாளிகளைப் பார்ப்பதற்கு முன்பும் பின்பும் சோதனைக்கூடத்தில் நுழைந்துவிடுவார். சிறுமியாக இருந்தபோதே மகளைப் பறிகொடுத்தவர். அவள் நினைவாக 1879-ல் யார்க்‌ஷயரில் லாஸ்டிங்காம் என்ற சிற்றூரின் பழைய தேவாலயத்தைத் தம் செலவில் புதுப்பித்தார்.

உடலிலிருந்து எடுத்த தவளை இதயம் துடிக்க எந்தெந்த உப்புகள் வேண்டும்? இதுவே அவருடைய கேள்வி. சோடியம் உப்புக் கரைசலிலேயே இதயம் நெடுநேரம் துடிப்பதைக் கண்டு, 1882-ல் கட்டுரையும் வெளியிட்டார். பிறகுதான் தெரிந்தது, கரைசலைக் காய்ச்சி வடித்த நீரில் கலக்கவில்லை என்பது! சிரமத்தை மிச்சப்படுத்த உதவியாளர் குழாய்த் தண்ணீரை ஊற்றியிருந்தாராம். வடித்த நீரில் கலந்து பார்த்தால் இதயம் சோர்ந்து நின்றது. சிறிது கால்சியம் உப்பைச் சேர்த்ததும் மீண்டும் துடித்தது. நம் விடுதிக் கெண்டியில் வெள்ளைப் படலமாகப் படிகிறதே, அந்தச் சுண்ணாம்புச் சத்துதான் லண்டன் தண்ணீரிலும் இருந்தது.

1883-ல் ரிங்கர் இவ்வளவையும் அச்சில் ஒப்புக்கொண்டார். உதவியாளர்மீது ஒரு சொல் குறை கூறவில்லை. முதற்கட்டுரையை அப்படியே விட்டிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? அவருடைய நூல்கள் அனைத்தையும்விட இந்தச் சிறு திருத்தத்தையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

அவர் கண்ட கால்சியத்தின் வேலை இருபதாம் நூற்றாண்டில்தான் விளங்கிற்று. ஒவ்வொரு துடிப்புக்கும் சிறிது கால்சியம் தசைச் செல்லினுள் நுழைகிறது. அது உள்ளேயுள்ள சேமிப்பறையைத் திறந்துவிட, பெருகிய கால்சியம் தசையைச் சுருங்கச் செய்கிறது. பிறகு ஒரு புரதம், இறைப்பான்போல் நின்று, பெரும்பகுதியைத் திரும்ப அறைக்குள் இறைக்கிறது, இதயம் தளர்கிறது. நாட்பட்ட இதயச் செயலிழப்பில் பலருக்கு இந்த இறைப்பான் நலிந்துவிடுகிறது. இறைப்பது குறைந்தால் தளர்வு தாமதிக்கும், அறையும் நிறையாது, அடுத்த துடிப்பு வலுவிழக்கும். மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கும் முதியவரின் துன்பத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

ரிங்கர் 1900-ல் ஓய்வு பெற்று லாஸ்டிங்காமில் குடியேறினார். 1910-ல் இறந்தார். மகளுக்காகப் புதுப்பித்த அந்தத் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்திலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.